பயிற்சி 9 கிலோமீட்டர், போக வேண்டியது 21

கேள்வி: எனக்கு வயது 41. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அண்ணன் குடும்பம் ஃபுளோரிடாவில் இருக்கிறது. ஜனவரியில் அங்கே வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நடக்கும் அரை மாரத்தானுக்கு அண்ணி தனக்கும் எனக்கும் சேர்த்தே பெயர் கொடுத்துவிட்டார். அப்போது நிறைய நாள் இருந்தது. தீபாவளி, ஓவர்டைம், மழை என்று போய் இப்போது ஐந்து வாரம்தான் மிச்சம். இளைஞர் பூங்காவில் ஒரே ஒருமுறை 9 கிலோமீட்டர் ஓடினேன், 78 நிமிடம் ஆனது. மறுநாள் படி இறங்கும்போது வலது முட்டியின் வெளிப்பக்கம் குத்தியது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இனி வாராவாரம் 18 கிலோமீட்டர் ஓடினால் சமாளிக்கலாமா? அன்றைக்கு ஒரு பொன்ஸ்டன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? மெதுவாக வருகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களாமே? தைப்பூசத்துக்கு ரதத்தோடு மணிக்கணக்காக நடக்கிறவள் நான். நடையில் பயமில்லை, ஓட்டம்தான் பயம்.
— பினாங்கு வாசகி

வணக்கம் சகோதரி. டிக்கெட் எடுத்தாயிற்று, அண்ணியும் காத்திருக்கிறார். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் 21 கிலோமீட்டரையும் ஓடி முடிக்கும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். முதல் நிமிடத்திலிருந்தே ஓட்டமும் நடையும் மாறி மாறி வர வேண்டும். வாராவாரம் 18 கிலோமீட்டர் என்ற யோசனையும் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்றால், ஐந்து வாரத்தில் உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. இதயமும் மூச்சும் இரண்டு மூன்று வாரத்திலேயே முன்னேறிவிடும். மூச்சு வாங்குவது குறைந்ததும் நமக்குத் துணிச்சல் வந்துவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். என்னிடம் வருகிற புதிய ஓட்டக்காரர்களில் பலர் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், "மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு, கால்தான் போச்சு" என்பார்கள். அடுப்பைக் கூட்டி வைத்தால் சோறு சீக்கிரம் வேகாது, அடிதான் பிடிக்கும். 9 கிலோமீட்டரே முட்டியில் குத்தியிருக்கும்போது அடுத்த வாரமே அதை இரட்டிப்பாக்கினால், ஃபுளோரிடாவுக்கு நீங்கள் போவது அண்ணிக்குக் கைதட்டத்தான்.

இனி அந்தப் பஸ் கதை. உண்மைதான், ஆனால் கேள்விப்படுகிற அளவுக்குக் கொடுமை இல்லை. டிஸ்னி ஓட்டங்களில் ஒரு மைலுக்கு 16 நிமிடம் என்பது கடைசி எல்லை. நம் கணக்கில் கிலோமீட்டருக்கு 10 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். கடைசி ஆள் தொடக்கக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் இந்தக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். கூட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து விடுவார்கள். முந்தைய பகுதியில் நின்றால் அத்தனை நிமிடம் இலவசமாகக் கையில் இருக்கும். வேகமாக ஓடிய சான்று கொடுக்காதவர்களைப் பின்வரிசையில் போடுவது வழக்கம், அதனால் உங்களுக்கு இந்தச் சலுகை பெரிதாகக் கிடைக்காது. எல்லோருக்கும் கடைசியில், பலூன் கட்டிக்கொண்டு சில பெண்கள் சரியாக அந்த 16 நிமிட வேகத்தில் நடந்து வருவார்கள். அவர்கள் உங்களைத் தாண்டிப் போய்விட்டால் பஸ்ஸுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

'நடையில் பயமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். ரதத்தோடு போகிற நடை ஊர்ந்து போகிற நடை. மணிக்கணக்காகக் காலில் நிற்கும் பொறுமையை அது தந்திருக்கிறது, அது பெரிய சொத்துதான். ஆனால் பலூன்காரர்கள் மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கிறார்கள். கொண்டோவிலோ வேலையிடத்திலோ டிரெட்மில் இருந்தால் 6.0 என்று வைத்து இருபது நிமிடம் நடந்து பாருங்கள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் நடக்கிற நடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது தெரிந்துவிடும். முழுத் தூரத்தையும் அந்த வேகத்தில் நடப்பதைவிட, இடையிடையே மெதுவாக ஓடுவது காலுக்குச் சுலபம்.

இந்த முறையைப் பரவலாக்கியவர் ஜெஃப் கேலோவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர். டிஸ்னி ஓட்டங்களுக்கான பயிற்சித் திட்டங்களும் அவர் வகுத்தவைதான். அதனால் அங்கே நடப்பதை யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள், சுற்றிலும் கைக்கடிகாரம் கீச்சிட, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடைக்கு மாறுகிறவர்கள்தான் இருப்பார்கள். உங்கள் கணக்கைப் பார்ப்போம். இளைஞர் பூங்காவில் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 40 வினாடி ஓடியிருக்கிறீர்கள், அதுவும் நிற்காமல், பினாங்குப் புழுக்கத்தில். ஒரு நிமிடம் மட்டும் ஓடி உடனே ஓய்வு என்றால் 8 நிமிட வேகம் உங்களுக்குக் கைவரும். அடுத்த நிமிடம் 11 நிமிட வேகத்தில் கை வீசி நடங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 16 வினாடி. 21.1 கிலோமீட்டருக்கு 3 மணி 15 நிமிடம். எல்லையைவிட 14 நிமிடம் குறைவு. கூட்டத்தில் வளைந்து நெளிந்து போவதில் எப்படியும் சில நூறு மீட்டர் கூடும், ஆக 10 நிமிடம் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கழிப்பறைக்கும் படத்துக்கும் உள்ள நேரம். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்தால் இந்தக் கையிருப்பு மூன்று நான்கு நிமிடமாகச் சுருங்கிவிடும், அதில் வெறும் கூட்ட நெரிசலே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

'முடிகிற வரை ஓடிவிட்டு அப்புறம் நடக்கிறேன்' என்று மட்டும் நினைக்காதீர்கள். களைத்த பிறகு நடக்கிற நடை 6 கிலோமீட்டர் வேகத்துக்கு எழும்பாது. முதல் மூன்று கிலோமீட்டரில் 'இவ்வளவு மெதுவாகப் போகிறோமே' என்று வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும், ஷிஃப்டுக்கு ஏற்ப எந்த மூன்று நாள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் 35, 40 நிமிடம், மேலே சொன்ன ஒன்றுக்கு ஒன்று கணக்கில். மூன்றாவது நாள் நீண்ட தூரம். இந்த வாரம் 11, அடுத்த வாரம் 13, மூன்றாவது வாரம் 15. நான்காவது வாரம் 8க்கு இறங்கிவிடுங்கள். ஐந்தாவது வாரம் பயணமும் ஓட்டமும்தான். 18 எங்கேயும் வரவில்லை பாருங்கள், வர வேண்டியதும் இல்லை. 15ஐ நல்லபடியாக முடிக்கிறவருக்கு, ஓட்டம் நடக்கும் சனிக்கிழமை, கூட்டத்தின் உற்சாகத்தில் மீதி 6 கிலோமீட்டர் வலிக்கும், ஆனால் வந்துவிடும். இளைஞர் பூங்காவின் ஏற்ற இறக்கத்தில் முட்டியைச் சோதிக்காமல், நீண்ட தூரத்துக்குக் குயின்ஸ்பே பக்கத்துக் கடலோரப் பாதைக்கு வாருங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராகப் போய் நீண்ட தூரம் செய்யாதீர்கள். தூங்கி எழுந்து மாலையில் போங்கள். ஒரு நாள் தவறிப்போனால் போனதுதான், அடுத்த நாளில் சேர்த்து ஈடுகட்ட வேண்டாம்.

முட்டிக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்வது சரியில்லை. ஆனாலும் வெளிப்பக்கம், படி இறங்கும்போது, ஓய்வில் மறைகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்படுவது இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வெளியே இறங்கும் அந்தத் தடித்த பட்டையைத்தான். தூரத்தைத் திடீரென்று கூட்டினால் அது முட்டி எலும்பை ஒட்டிய இடத்தில் எரிச்சலடையும். இதற்கு முட்டியில் தைலம் தேய்ப்பதைவிட இடுப்பின் பக்கவாட்டுத் தசையை வலுவாக்குவதில்தான் பலன். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராக, கொஞ்சம் பின்னோக்கித் தூக்கி இறக்குங்கள், பக்கத்துக்கு 12 முறை. அப்புறம் உங்கள் ஃபிளாட் மாடிப்படி. கீழ்ப்படியின் விளிம்பில் வலது காலில் நின்று, இடது குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறங்கி ஏறுங்கள். முன்னால் ஒரு கண்ணாடி இருந்தால் நல்லது. முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் சாயும். கட்டை விரலுக்கு நேராக வராமல் இரண்டாவது விரலுக்கு நேராக வரும்படி பிடித்து நிறுத்திச் செய்யுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு காலுக்கும் 10, இரண்டு சுற்று. ஓடும்போது எட்டி எட்டி வைக்காமல் குட்டிக் குட்டி அடியாக, அடிக்கடி வையுங்கள். அடியின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கு கூடினாலே முட்டியின் சுமை கண்கூடாக இறங்கும்.

இந்தப் படிப் பயிற்சியே உங்கள் சோதனையும்கூட. ஒவ்வொரு நீண்ட தூரத்துக்கும் மறுநாள் வலது காலில் பத்து முறை இறங்கிப் பாருங்கள். வலியில்லை என்றால் அடுத்த தூரத்துக்குப் போகலாம். வலித்தால் அந்த வாரத் தூரத்தையே மறுபடி செய்யுங்கள். வழியிலேயே வலி வந்து நடை மாறுகிறது என்றால் அங்கேயே நிறுத்தி கிராப் டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வாருங்கள். வீக்கம், முட்டி மடங்காமல் சிக்கிக்கொள்வது, கால் எலும்பில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த பயிற்சிக்கு முன் யாராவது நேரில் பார்த்தாக வேண்டும்.

இந்த வாரமே ஒரு கிளினிக்குக்குப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். நம் சமூகத்தில் இனிப்புநீர் மற்றவர்களைவிட அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன, நாற்பதைத் தாண்டியவருக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று மணி நேர உழைப்பு வேண்டாம். பயிற்சியில் நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்திருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பொன்ஸ்டன் வேண்டாம். மாதவிலக்கு வலிக்கு வீட்டில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும், அதனால் அது ஏதோ மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. அதில் உள்ள மெஃபனாமிக் அமிலமும், வோல்டரன், புருஃபென் வகைகளும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வியர்த்துக் கொட்டி நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகம் அந்த ரத்தத்தைத்தான் நம்பியிருக்கும். வயிற்றையும் அது விட்டுவைக்காது. இன்னொன்று, உங்கள் முட்டி 'நிறுத்து' என்று சொல்வதைக் கேட்க வேண்டிய ஒரே நாள் அன்றுதான். முடித்துவிட்டு, சாப்பிட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்து, சிறுநீர் வழக்கம்போல் போன பிறகும் வலித்தால் பனடோல் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் எல்லோரும் குறைவாகக் குடிப்பதைத்தான் சொல்வார்கள். மெதுவாகப் போகிறவர்களுக்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்துச் சோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அதிகம் குடித்து ஓட்டத்தின் போதே எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களும் அதில் முன்னே நின்றார்கள். தாகத்துக்குக் குடியுங்கள். எல்லா மேசையிலும் இரண்டு கப் என்று கணக்கு வேண்டாம். சாப்பாட்டில், முதல் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து போதும். ஓட்டக்காரர்கள் சாப்பிடும் எனர்ஜி ஜெல் ஒன்றும் அதோடு ஒரு பேரீச்சம்பழமும் இருந்தால் கணக்குச் சரி. எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதை இங்கேயே 13 கிலோமீட்டர் நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். அண்ணி இளவரசி வேடத்தில் ஓடலாம் என்று பாவாடை வாங்கி வைத்திருந்தால் அதையும் ஒரு நீண்ட தூரத்துக்குப் போட்டுப் பாருங்கள், தொடை உரசுகிற இடத்தில் வாசலின். காலணி பழசாகியிருந்தால் இந்த வாரமே அதே மாதிரியில் புதுசு வாங்கிப் பழக்குங்கள். கார்பன் தகடு வைத்த விலை உயர்ந்த காலணி உங்கள் வேகத்துக்குத் தேவையே இல்லை.

பயணத்தில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது, கவனித்தீர்களா என்று தெரியவில்லை. ஃபுளோரிடாவுக்கும் நமக்கும் ஜனவரியில் 13 மணி நேர வித்தியாசம். ஓட்டம் அங்கே அதிகாலை 5 மணிக்குத் தொடங்குகிறது, அதாவது பினாங்கில் மாலை 6. முதல் நாள் அங்கே மாலை 7 மணிக்கே படுத்து அதிகாலை 2 மணிக்கு எழ வேண்டியிருக்கும். ஃபுளோரிடாக்காரர்களுக்கே அது பெரும்பாடு. இரவு ஷிஃப்ட் முடித்துக் காலை 8 மணிக்குப் படுத்து மதியம் 3 மணிக்கு எழுகிறவருக்கு அது வழக்கமான நாள்தான். புறப்படுவதற்கு முந்தைய வாரம் உங்களுக்கு இரவு ஷிஃப்ட் வந்தால் மாற்றிக் கேட்காதீர்கள். அதே நேரத்தை விமானத்திலும் பிடித்துக்கொண்டால் அங்கே பாதிப் பழக்கத்தோடு இறங்குவீர்கள். ஓட்டத்துக்கு நான்கு ஐந்து நாள் முன்னதாகப் போய்விடுவது நல்லது. விமானத்தில் ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

ஜனவரி அதிகாலையில் ஆர்லாண்டோவில் 10 டிகிரி என்பது சாதாரணம், அதற்குக் கீழேயும் போகும். தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நிற்க வேண்டிவரும், தூக்கிப்போட மனசு வருகிற பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளுங்கள். ஓட ஆரம்பித்ததும் இந்தக் குளிர் உங்களுக்கு நல்லது, புழுக்கத்தில் பழகிய இதயம் அங்கே லேசாக ஓடும். அதை நம்பி முதல் கிலோமீட்டரில் வேகம் கூட்டாதீர்கள். வானிலை எப்போதும் இப்படித்தான் என்றும் நம்ப முடியாது, 2017இல் இடிமின்னலுக்குப் பயந்து அரை மாரத்தானையே ரத்து செய்தார்கள்.

எனக்கு உங்கள் முட்டியைவிடப் பயம் தருவது வெள்ளிக்கிழமை. அண்ணன் பிள்ளைகள் இருப்பார்கள், டிஸ்னி பூங்காவுக்குப் போகாமல் எப்படி என்பார்கள். அங்கே ஒரு நாள் சுற்றினாலே பதினைந்து கிலோமீட்டர் சர்வசாதாரணமாக நடந்துவிடும், வரிசையில் நிற்பது தனி. கால் இழுத்துக்கொண்டு ஓட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் முதல் நாளே பூங்காவில் ஒரு மாரத்தான் அளவுக்கு நடந்து முடித்தவர்கள்தான். எண் பட்டை வாங்க மட்டும் போய்விட்டு வீட்டில் காலை நீட்டி உட்காருங்கள். பூங்காவெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

பாதையைப் பற்றி ஒன்று. வழக்கமாக டிஸ்னியின் எப்காட் பூங்கா பக்கத்தில் தொடங்கி, இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டத்துக்குள் புகுந்து, எப்காட்டிலேயே முடியும். இரண்டுக்கும் நடுவில் பெரும்பகுதி வெறும் நெடுஞ்சாலை, இருட்டு, சில மேம்பாலங்கள். மேம்பாலத்தின் வளைவுகளில் சாலை ஒரு பக்கம் சரிந்திருக்கும், உங்கள் முட்டிக்கு அது ஆகாது. எந்த ஓரம் சமமாக இருக்கிறதோ அந்த ஓரம் போங்கள், இறக்கத்தில் ஓடாமல் நடங்கள். மிக்கியோடு படம் எடுக்க வரிசை நீளமாக இருக்கும். 10 நிமிடக் கையிருப்பில் ஒரு வரிசைக்குத்தான் இடம், எது வேண்டும் என்று அண்ணியோடு முன்பே பேசி முடிவெடுங்கள்.

அந்தப் புகழ்பெற்ற சிண்டரெல்லா கோட்டை பாதித் தூரத்துக்கு முன்பே, ஏறக்குறைய 9ஆவது கிலோமீட்டரில் வந்துவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றாவது வார 15 கிலோமீட்டர்தான் உங்கள் தேர்வு. அதை 2 மணி 25 நிமிடத்துக்குள், நடை மாறாமல் முடித்தால் 21க்கும் துணிந்து நில்லுங்கள். முடியவில்லை என்றாலும் டிக்கெட்டைக் கிழிக்க வேண்டாம். கோட்டை வரை போங்கள், அந்தத் தூரத்தை ஏற்கெனவே உங்கள் கால் பார்த்திருக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு, வழியில் உள்ள மருத்துவக் கூடாரத்தில் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுங்கள். அண்ணியிடம் இதை ஓட்டத்தன்று சொல்லாமல் இப்போதே சொல்லிவையுங்கள், 'இன்னும் கொஞ்சம்தான், வா' என்று கையைப் பிடித்து இழுக்காமல் இருப்பார்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ரதத்தைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். சில ஆண்டுகளில் இந்த ஓட்டம் முடிந்து இரண்டு மூன்று வாரத்திலேயே தைப்பூசம் வந்துவிடும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி, அதுவும் வெறுங்காலோடு. ஏறுவது உங்களுக்குப் பிரச்சினை இல்லை, இறங்குவதுதான். ஊர் திரும்பியதும் அதே மாடிப்படிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பத்து முறை வலியின்றி இறங்க முடியாவிட்டால் இந்த வருடம் ரதத்தோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்ளுங்கள். பாதத்தில் கொப்புளம் உடைந்திருந்தாலோ விரல் நகம் கறுத்துத் தூக்கியிருந்தாலோ, தோல் முழுக்க மூடும் வரை தார்ச் சாலையில் வெறுங்கால் வேண்டாம். கிளினிக்கில் சர்க்கரை கூடுதல் என்று சொல்லியிருந்தால் இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது.